மெத்தைக்கடை இங்கிலீஷ்

தேரடித் தெரு மெத்தைக்கடையின் பின்கட்டில், நேற்று நடக்கப் பழகிய குழந்தைகூட இன்றைக்கு இங்கிலீஷ் பேசுகிறதாம். தயிர்க்காரி சொன்னாளாம். அவளுக்குத் தையல்காரர் மனைவி சொன்னாளாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில், ஒரு பேச்சு இப்படி 'ஆம்' போட்டுக்கொண்டு இரண்டு தெரு தாண்டிவிட்டால் அதைப் பிடித்து நிறுத்தத் திருவண்ணாமலையில் ஆளில்லை.

புரளியைக் கடைசியாகக் கேள்விப்பட்டவள் அந்தப் பின்கட்டுக்காரி வஜீதாதான். மெத்தை தைக்கும் அய்யூபின் மனைவி. படிப்பு அஞ்சாங்கிளாஸ். பிள்ளை பிறக்காத வீட்டில் பகலெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க முடியாமல், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். சுற்றிலும் பஞ்சு மூட்டை, விழுந்தாலும் அடிபடாது. விரலைக் கொடுத்து நடத்துவாள், வாயில் போட்ட பஞ்சைத் தோண்டி எடுப்பாள், வீட்டு வழக்கப்படி உருதுவில் கொஞ்சுவாள். 'ஆவ்' என்றால் தத்தித் தத்தி வரும். 'பைட்' என்றால் பொத்தென்று உட்காரும். சோறு போதுமென்றால் 'நக்கோ' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் கிளார்க் ராமகிருஷ்ணனுக்கு இதெல்லாம் இங்கிலீஷாகவே காதில் விழுந்தது. 'நக்கோ' என்பது 'நோ', 'கோ' இரண்டையும் வேகமாகச் சொல்வதாம். வெள்ளைக்காரன் அப்படித்தான் மென்று பேசுவானாம். அங்கே விட்டிருந்த ஒன்றரை வயது மகன் அருணகிரி ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் "பானி, பானி" என்று கத்தினான்.

"என்னங்க, பன்னின்னு திட்டுறான்!" என்றாள் மனைவி தனம்.

"மக்கு! பன்னின்னா இங்கிலீஷ்ல முயல்குட்டி."

மறுநாளே ஒரு முயல் பொம்மை வந்தது. தண்ணீர் கேட்ட குழந்தை பொம்மையின் காதைச் சப்பி அழுதது. மேனேஜரின் பேத்தியையும் ராமகிருஷ்ணனே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டார்.

வஜீதா மறைக்கவில்லை. "சார், அது இங்கிலீஷ் இல்லீங்க. எங்க வீட்டுப் பேச்சு, உருது."

"படிச்சவங்களுக்கே இந்த அடக்கம் வராதும்மா," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துப் பவுடர் பூசிய அருணகிரியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். பெங்களூரிலிருக்கும் அண்ணன் இந்த மெத்தைக்கடை டெலிபோனுக்கு டிரங்க் கால் போடப் போகிறாராம். பிள்ளை இங்கிலீஷில் பேச வேண்டுமாம்.

வஜீதா அவசரமாகக் குறுக்கிட்டாள். "உங்கண்ணன் அங்க எத்தினி வருஷமா இருக்காருங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே போனவரு."

"உருது தெரியுமா?"

"தெரியாம? அவரு கடை வச்சிருக்கிற இடத்துல பேச்சே அதுதான்..." என்றவர் பாதியில் நின்றார். குனிந்து மகனைப் பார்த்தார்.

"கண்ணா, பானின்னா என்ன?"

அருணகிரி அவசரமாக மூலையிலிருந்த தண்ணீர்க் குடத்தைக் காட்டினான்.

அந்நேரம் டெலிபோன் அலறியது. டிரங்க் காலுக்கே உரிய நீண்ட மணி. அய்யூப் சிரிப்பை மறைக்கப் பஞ்சு மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். வஜீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் கோபித்துக்கொண்டு போனால் மேனேஜர் பேத்தியும் போகும், மற்றதும் போகும். நாளைக்கு மறுபடி சுவர்தான்.

"முதல்லயே சொன்னேனுங்களே சார்."

"சொன்னீங்க." அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "இது பேங்க்ல தெரிய வேணாம்மா. இவன் பாட்டுக்கு நாளைக்கும் வரட்டும். மேனேஜர் கேட்டா இங்கிலீஷ்னே சொல்லுங்க."

"நான் எதுக்குங்க பொய் சொல்லணும்? நீங்களே சொல்லிக்கங்க." வஜீதா ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு குழந்தையின் வாயில் வைத்தாள். "அண்ணன் கூப்புடுறாரு பாருங்க. எடுங்க."

ராமகிருஷ்ணன் கையை நீட்டினார், வேட்டியில் துடைத்துக்கொண்டார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது.