மருமகளுக்கு வசனம் கிடையாது

"இன்னும் ரெண்டு நாளைக்கு அழுகைய இழுங்க மேடம்" என்று சென்னையிலிருந்து சேனல்காரர் போனில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குன்னூரில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை வைத்து மாமியார் மருமகள் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். மாமியாருக்குப் பக்கம் பக்கமாக வசனம். மருமகளுக்குக் கண்ணீர் மட்டும். அவள் வாயைத் திறந்தால் ரேட்டிங் விழுந்துவிடுமாம். காய்கறிக் கடைக்காரம்மாகூட என்னை நிறுத்தி, "ஏனுங்க, அந்தப் புள்ள எப்பத்தானுங்க வாயத் தொறக்கும்?" என்று கேட்டார். எனக்கே தெரிந்தால்தானே சொல்வேன்!

இது போதாதென்று வீட்டில் வேறு கூத்து. என் மாமியார் ஒரு நாள்கூடத் தொடரை விடமாட்டார். பார்த்துப் பார்த்து, நான் எழுதிய வசனங்களை என்னிடமே பேச ஆரம்பித்துவிட்டார். கல்யாணமான புதிதில் "சாப்பிட்டியா கண்ணு" என்பதற்கு மேல் பேசாத மனுஷி. இப்போது ரசத்தில் உப்பு குறைந்தால், "இந்த ஊட்டு உப்பத் தின்னுட்டு எனக்கே உப்பில்லாமப் போடறியா?" என்கிறார். மாடியில் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியது, கீழே சமையலறையில் என் தலையிலேயே வந்து விழுந்தது. இதை யாரிடம் போய்ப் புலம்புவது?

இந்த நேரத்தில்தான், அடுத்த தொடரை நானே தயாரிக்கலாம் என்று சேனல் இறங்கி வந்தது. யார் யாரோ இழுத்த இழுப்புக்கெல்லாம் எழுதி அலுத்துப்போனவளுக்கு வேறென்ன வேண்டும்? சென்னைக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போகாவிட்டால் வாய்ப்பு வேறொருவருக்குப் போய்விடும்.

கிளம்பிய அன்று மூடுபனியில் கேட்டே தெரியவில்லை. டாக்சிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பெட்டியைத் தூக்கினேன். மாமியார் வாசலை மறித்துக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"போ. ஆனா திரும்பி வரும்போது இந்த ஊட்டுல உனக்கு ஒரு சொம்புத் தண்ணி கெடைக்காது."

போன மாதம் நான் எழுதிய வசனம். ஒரு எழுத்து மாறவில்லை. வெலிங்டனில் ராணுவ அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் கணவர், குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியில் கணவனுக்கும் நான் வசனம் எழுதியிருக்கவில்லை.

"அது நான் எழுதுனதுங்கத்தை" என்றேன் எரிச்சலோடு.

"தெரியுமே. நல்லாத்தான் எழுதியிருக்கே. அந்தப் புள்ள பொட்டிய உள்ள வெச்சுட்டு அழுதுச்சே, நீ ஏன் இன்னும் நின்னுட்டிருக்கே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே நான் அழுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். சனியன், எனக்கு அழுகையும் வந்துவிட்டது. ஆத்திரமாக இருந்தது.

"அந்தப் புள்ளைய அழச் சொன்னதே நான்தானுங்கத்தை. போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, அவர் கைக்குக் கீழே குனிந்து வெளியே வந்தேன்.

மலைப்பாதையில் பர்லியார் தாண்டுவதற்குள் சேனல்காரரின் போன். இந்த வாரமும் மருமகள் வீட்டுக்குள்ளேயே அழட்டும் என்றார்.

"முடியாதுங்க. அவ கிளம்பிட்டா" என்றேன்.