பேரீச்சங்கன்று கேட்டு அலைந்த காலம்

பேரீச்ச மரங்களை ரகம் பிரித்து எழுதுவது, வெயிலில் நின்றுகொண்டு ஊரார் வீட்டுச் சொந்தபந்தங்களை விசாரிக்கிற வேலை. எழுபதுகளில் ராஸ் அல் கைமாவில் நான் அதைத்தான் பார்த்தேன். தோட்டம் தோட்டமாகப் போய், பரம்பரையாக வளர்க்கிற ஒவ்வொரு ரகத்திலும் தாய் மரத்தடியில் முளைக்கிற ஒரு பக்கக்கன்று வாங்கி வந்து எங்கள் பண்ணையில் நட வேண்டும். எல்லோரும் விலை போகிற ரகத்தையே நட ஆரம்பித்துவிட்டார்கள், மற்றதெல்லாம் அழிந்துவிடும் என்று எங்கள் எகிப்து மேனேஜருக்குக் கவலை. எனக்கு வேறு கவலை. ஆவணியில் கல்யாணம். "எல்லா ரகமும் வந்து சேரட்டும், அப்புறம் லீவு" என்று மனுஷன் என் பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். கல்ஃபில் லீவுக்குக் காத்துக் கிடந்த உங்களுக்கு இந்த வயிற்றெரிச்சலை நான் விளக்க வேண்டுமா என்ன.

பேர் வைத்த லட்சணம்

கொட்டையிலிருந்து தானாக முளைத்த மரம் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அதற்கெல்லாம் தோட்டத்துக்காரர் வைத்ததுதான் பேர். ஒருவரிடம் வாட்டசாட்டமான மரம் ஒன்றைக் காட்டிப் பேர் கேட்டேன். ஒரு பழத்தைப் பறித்துக் கொடுத்தார். வாயில் போட்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் எதிரில் துப்பவா முடியும்? முழித்துக்கொண்டே மறுபடி கேட்டேன்.

"என் மச்சினன் பேரைத்தான் வச்சிருக்கேன். அவன் வந்தா இதைத்தான் பறிச்சுக் கொடுப்பேன்."

முத்தையாவின் தோப்பு

என் உதவியாள் முத்தையா பரமக்குடிப் பக்கத்துக்காரர். தென்னைக்கு நெற்றுப் பொறுக்கிப் பழகிய கை. ருசியான பழமாகப் பார்த்துத் தின்று, கொட்டைகளைப் பால் டின்களில் புதைத்து, கேம்ப் வாசலில் வரிசையாக வைத்திருந்தார். ஊரில் தோப்பு போடப் போகிறாராம். மேனேஜர் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கொட்டை போட்டால் தாய் மரத்துப் பழம் வராது, அதிலும் பாதி ஆண் மரமாகப் போய்க் காய்க்கவே காய்க்காது என்றார். நான் தமிழில் சொன்னேன். முத்தையா கேம்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"இங்க முழுக்க ஆம்பளைங்களாவே காலம் தள்ளுறோம். பாதி பொம்பளைன்னா எவ்வளவோ தேவலை சார்."

முன் சீட்டு

கன்றுகளை ஈரச் சாக்கு சுற்றி பிக்கப்பில் கொண்டு வருவோம். பின்னால் வைத்தால் வதங்கிவிடும் என்று டிரைவர் கான் பாய் ஒரு கன்றை முன் சீட்டில் உட்கார வைத்தார். நானும் முத்தையாவும் பின்னால் தகரத்தில் தோசையாக வெந்தோம். இறங்கியதும் இது என்ன நியாயம் என்று கேட்டேன். கான் பாய் நிதானமாகச் சொன்னார்:

"ஆள் வாடினா பம்பாய்லேர்ந்து வேற ஆள் வரும் பாய். கன்னு வாடினா உங்க கல்யாணம் கலாஸ்."

கடைசிக் கன்று

எல்லாம் வந்தாயிற்று, ஒன்று பாக்கி. அந்த ரகத்தில் நாங்கள் கண்டது ஒரே மரம், அதுவும் சாலிம் என்ற பெரியவரின் தோட்டத்தில். அடியில் கன்றுகள் இருந்தன. ஆனால் உறவுக்காரர்களுக்கு மட்டுமே கொடுப்பது அவர் வீட்டு வழக்கம். போகும்போதெல்லாம் காப்பி ஊற்றிக் கொடுப்பார், எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று விசாரிப்பார், கடைசியில் "மாஃபி" என்று கையை விரிப்பார். இதற்குள் ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகையே வந்துவிட்டது. அதையும் எடுத்துக்கொண்டு பெரியவரிடம் ஓடினேன். பத்திரிகையை அவர் கையில் கொடுத்து, கன்று இல்லையென்றால் லீவு இல்லை, மணவறையில் பெண் தனியாகத்தான் உட்கார வேண்டும் என்றேன்.

பெரியவர் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பெண் வீட்டார் உன்னைப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டார். தபாலில் போட்டோ அனுப்பினேன், பார்த்ததும் சரியென்றுவிட்டார்கள் என்றேன். "பெண்ணையே கொடுக்கிறார்கள்" என்று முனகியபடி எழுந்து, மகனைக் கடப்பாரை எடுத்து வரச் சொன்னார். கன்றைக் கொடுக்கும்போது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவங்க போட்டோவைப் பார்த்தாங்க, உடனே சம்மதிச்சாங்க. நான் ஆளை நேர்ல பார்த்தேன், அதான் இத்தனை நாளாச்சு."

ஆவணியில் கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது, பெண் வீட்டுச் சம்மதத்தைப் பற்றி ஊரே பெருமையாகப் பேசியது, எந்தச் சம்மதம் வாங்க நான் நாயாக அலைந்தேன் என்பது எனக்கல்லவா தெரியும்.