டொறீன் கண்டுபிடித்த பச்சை

மாத்தளை ஸ்டேஷனுக்குப் பின்னால் போகும் ரோட்டில்தான் டொறீன் அக்காவின் வீடு. முன் அறையில் தையல் மெஷின். பள்ளிக்கூட யூனிஃபோம், சாரி பிளவுஸ், கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை எல்லாவற்றுக்கும் நாங்கள் அங்கேதான் போவோம். துணிக்கு நூல் சேர்ப்பதில் அவரைப்போல ஒருவரை நான் கண்டதில்லை. துணியை வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் ஒருதரம், நிழலில் ஒருதரம் நூலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசியில் கோர்ப்பார்.

அவருடைய கணவர் நோபர்ட் அண்ணன் பஸ் டிப்போவில் ஃபிட்டர். எழுபத்தெட்டாம் வருஷம் அவர் ஒரு வேலையில் இறங்கினார். அவருடைய அப்பா மாத்தளை ரயிலில் ஃபயர்மேனாக இருந்தவர். அப்பா கரி அள்ளிப்போட்ட அந்தச் சின்ன நீராவி எஞ்சினை, முழங்கை நீளத்துக்கு, பித்தளையில் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. சக்கரம், விசில், படிக்கட்டு எல்லாவற்றையும் கையாலேயே அராவினார். மூன்று வருஷத்தில் எஞ்சின் மேசையில் நின்றது. பெயின்ட் மட்டும்தான் பாக்கி.

"கறுப்பு அடிச்சுட்டா முடிஞ்சுது," என்றார்.

அப்பா எஞ்சின் பக்கத்தில் நிற்கிற ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் அவர்களிடம் இருந்தது. டொறீன் அக்கா அதை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

"என்னங்க, இங்க பாருங்க. புகைக்குழாய் கறுப்பு, சரி. இந்தத் தண்ணித் தொட்டி ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு? ரெண்டும் கறுப்புன்னா ஒரே மாதிரிதானே விழணும்?"

"வெயில் பட்டிருக்கும்."

"தொட்டிக்கு மட்டும் தனி வெயிலா? மூணு வருஷமா அராவிட்டுக் கடைசியில பொய்க் கலர் அடிக்கப் போறீங்களா?"

நோபர்ட் அண்ணன் பழைய ரயில்வே ஆட்களைத் தேடிப்போய்க் கேட்டார். தண்டவாளம் மாற்றும் பொயின்ட்ஸ்மேனாக இருந்த இருளாண்டி பச்சை என்று அடித்துச் சொன்னார். இன்னொருவர் கரும் சிவப்பு என்றார். மூன்றாமவர், எஞ்சின் என்றாலே கறுப்புத்தானே என்று சிரித்தார். நோபர்ட் அண்ணன் சலித்துப்போய் எஞ்சினைத் துணியால் மூடி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு தேடியது டொறீன் அக்காதான். தைக்க வருகிறவர்களிடமெல்லாம், பழைய எஞ்சின் இரும்பு எங்கேயாவது கிடக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பெருநாளுக்குச் சட்டை தைக்க வந்த றம்லாவுக்கு அப்படி ஓர் இடம் தெரிந்திருந்தது. பல்லேபொலயில் கல்யாணம் முடித்தவர் அவர். "அக்கா, எங்க மாமாட மிளகு ஸ்டோருக்குக் கதவு போட்டிருக்கிறது ரயில் எஞ்சின்ட தகடுதான். ஏலத்துல எடுத்தாராம்," என்றார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் புருஷனும் பெண்சாதியும் பல்லேபொல பஸ்ஸில் ஏறினார்கள். றம்லாவின் மாமனார் மக்கீன் ஹாஜியார் பிளேன்டீ கொடுத்து ஸ்டோரைக் காட்டினார். கதவின் கீழ் மூலையைக் கண்டதும் நோபர்ட் அண்ணன் குந்திவிட்டார். படத்தில் தொட்டியின் மூலையில் ஓர் ஒட்டுத் தகடு தெரியும். அதே ஒட்டு, அதே கோணல் ஆணி வரிசை, இந்தக் கதவில் இருந்தது.

"இது அப்பாட எஞ்சின்தான்," என்றார்.

கதவுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தது. டொறீன் அக்கா எமரி பேப்பரை எண்ணெயில் நனைத்து, ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தை மெல்ல வட்டமாகத் தேய்த்தார். நடுவில் ஆழமாக, ஓரத்தில் மேலாக. அடியில் இருந்த பெயின்டுகள் மர வளையம் போல ஒன்றுக்குள் ஒன்றாக வெளியே வந்தன. வெள்ளி, நீலம், கறுப்பு. கறுப்புக்கு அடியில் பச்சையும் மண்ணிறமும் கலந்த மாதிரி ஒன்று. கடைசியில் செங்காவி அடிப்பூச்சு, பிறகு இரும்பு.

"கதவு தேய்க்க பஸ் ஏறி வந்த முதல் ஆள் நீங்கதான் மகள்," என்றார் ஹாஜியார்.

கொண்டுவந்த நூல்கட்டைகளில் அந்த நிறத்துக்குச் சரியானதை எடுத்து வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். ஆனால் மனசு ஒப்பவில்லை. குசினி அலுமாரியில் கலண்டரைக் கழற்றும்போது அவருக்கு ஒன்று பட்டது. அலுமாரிக்கு அடித்தது வெள்ளைப் பெயின்ட். வெளிச்சம் படுகிற இடம் இன்னும் வெள்ளை. கலண்டர் மறைத்த இடம் மட்டும் மஞ்சள். இருட்டில் கிடந்தால் பெயின்டில் இருக்கிற எண்ணெய் மஞ்சளாகும் என்றால், அத்தனை பூச்சுக்கு அடியில் கிடந்த அந்தப் பச்சைக்கும் மஞ்சள் ஏறியிருக்காதா?

தேய்த்த இடத்தை மூடாமல் வெயிலில் விடும்படி ஹாஜியாருக்குச் சொல்லி அனுப்பினார். அடுத்த மாதம் போனபோது மண்ணிறம் விலகிப்போய், ஆழமான சுத்தப் பச்சை நின்றது.

அன்று பின்னேரம் இரண்டு நூலையும் நோபர்ட் அண்ணனின் கையில் கொடுத்தார். "இது முந்திப் பார்த்தது. இது வெயில்ல வெளுத்த பிறகு. எவ்வளவு வித்தியாசம் பாருங்க!"

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். 

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் டொறீன்," என்றார். "பச்சை, சிவப்பு, மண்ணிறம் எல்லாம் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். ரயில்வேக்கு எடுக்காம விட்டது அதுக்குத்தான். சிபாரிசு இல்லாததால எடுக்கலன்னு உங்க வீட்டுல பொய் சொன்னேன். கலர் டெஸ்ட்ல விழுந்துட்டேன்."

அக்கா அவர் கையிலிருந்த நூலைத் திருப்பி வாங்கினார். பிறகு, "மிளகாய்ப் பழம் பறிக்கச் சொன்னா காயையும் சேர்த்துப் பறிக்கிறது இதுக்குத்தானா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பெயின்ட் கலந்து அடிக்கிற வேலை அன்று முதல் அக்காவுடையது ஆனது.

எண்பத்திரண்டாம் வருஷம் நத்தார்ப் பண்டிகைக்கு எஞ்சின் பச்சையாக நின்றது. அடுத்த ஜூலைக் கலவரத்தில் மாத்தளை டவுனில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் வேலியைப் பிரித்து இவர்களை உள்ளே எடுத்தது. உயிர் தப்பியது. அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. தையல் மெஷினின் சக்கரம் சாம்பலுக்குள் கிடந்தது. நூல்கட்டை ஒன்றுகூட, அந்தப் பச்சைகூட, மிஞ்சவில்லை. பற்றவைத்த ஈயம் உருகி எஞ்சின் துண்டு துண்டாகக் கொட்டியிருந்தது. நோபர்ட் அண்ணன் துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக் கட்டினார். அதற்குப் பிறகு அந்தச் சாக்கைப் பற்றி அவர் பேசவே இல்லை.

டிப்போவுக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோயிலில் இரவல் வாங்கிய மெஷினில் அக்காதான் விடாமல் தைத்தார். கூரை போட்டு முடிந்தபிறகு ஒருநாள் சாக்கை அக்காவே அவிழ்த்துத் துண்டுகளைப் பாயில் பரப்பினார்.

"ஈயம்தானே போயிருக்கு. பித்தளை எங்கயும் போகல. நீங்க ஒட்டுங்க. நான் பல்லேபொலைக்குப் போயிட்டு வாறேன்."

அங்கே போனால் கதவு முழுக்கத் தார் பூசியிருந்தார்கள். தேய்த்த இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஹாஜியார் சங்கடப்பட்டார். "மழையில துரு ஏறுதெண்டு மகன் பூசிட்டான் மகள். புள்ளையை ஏசாதீங்க."

அக்கா யாரையும் ஏசவில்லை. தார் படாத இடம் எங்கே இருக்கும் என்று யோசித்தார். கீல் தகட்டுக்கு அடியில். ஹாஜியார் ஆள் பிடித்துக் கதவைக் கழற்றி, கீலையும் எடுத்துக் கொடுத்தார். அந்த இடம் எஞ்சின் தகட்டின் ஓரமாக வந்தது. அங்கே அக்கா மெல்லத் தேய்த்துக்கொண்டு போக, பச்சையின் மேல் மஞ்சள் கோடு ஒன்று வந்தது. அதை ஒட்டி மயிர் போல ஒரு சிவப்புக் கோடு. தொட்டியைச் சுற்றிக் கரை போட்டிருக்கிறார்கள்! கதவின் நடுவில் தேய்த்ததால் முதல் தடவை அது அகப்படவில்லை. எரிந்துபோன எஞ்சினில் அந்தக் கரை இல்லை.

எண்பத்தாறில் எஞ்சின் மறுபடி எழுந்தது. சிவப்புக் கோட்டை அக்கா பிரஷ்ஷில் போடவில்லை. ஊசி முனையைப் பெயின்டில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு புடவைக் கரைகூட அவ்வளவு நேராக ஓடாது.

மாதா திருநாளில் எஞ்சினைப் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்தார்கள். நிறத்தைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் நோபர்ட் அண்ணன், "இரும்பு வேலை என்னது. கலரு அவங்களைக் கேளுங்க," என்று அக்காவைக் கைகாட்டினார். ஆட்கள் கலைந்த பிறகு, அவர் அக்காவிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

"எப்படி இருக்குன்னு சொல்லு."

"மழை நனைச்ச முத்தின மிளகு இலை," என்றார் அக்கா. "அதுல வெயில் படாதப்ப."

அவர் தலையாட்டினார்.

நோபர்ட் அண்ணன் இரண்டாயிரத்து ஒன்றில் காலமானார். பிறகு ஒருமுறை போனபோது நான் எஞ்சினைப் புகழ்ந்தேன். அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பச்சை சரி, அது வெயில்ல வெளுத்ததைக் கண்ணால பார்த்தேன். அந்த மஞ்சள்லதான் எனக்குச் சந்தேகம். கீலுக்கு அடியில இருந்து எடுத்தது, கீலைத் திருப்பிப் போட்டதால வெயில்ல வச்சுப் பார்க்க முடியாமப் போச்சு. நல்ல சாட்சி கிடைச்சா சுரண்டிட்டு மறுபடி போடுவேன்," என்றார்.

அவருக்கு அப்போது எழுபது வயது இருக்கும். சொன்னபடி செய்யக்கூடியவர்தான்.