சலோப்ரேன்யாவில் ஒரு திறந்த கதவு

1996 செப்டம்பர். ஒக்லாந்திலிருந்து ஸ்பானியத் துறைமுகமான மலாகாவுக்கு மூன்று விமானங்கள் மாறி வந்தோம். ஒக்லாந்தின் விரிப் பகுதியில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்பவனுக்கு ஐரோப்பியக் கோட்டைகளைப் பார்க்கும் ஆசை ஏன் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். பத்து வருடம் சேர்த்துவைத்த ஆசை அது. மனைவி பிலோமினா மன்னார்க்காரி. எங்கே கூட்டிப்போனாலும் முதலில் தேவாலயத்தைத்தான் தேடுவாள்.

மூன்றாம் நாள் காலை மலாகாவிலிருந்து கிழக்கே கடலோரமாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். தொண்ணூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். இரண்டு மணித்தியாலப் பயணம். ஒரு வளைவு திரும்பியதும் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பாறைக்குன்று எழுந்தது. அதுதான் சலோப்ரேன்யா. குன்று முழுக்கச் சுண்ணாம்பு பூசிய வீடுகள். உச்சியில், முன்பு இந்த நாட்டை ஆண்ட மூர்கள் கட்டிய பழுப்புநிறக் கோட்டை.

"காஸ்தில்யோ?" என்று கோட்டைக்கு வழியைச் சாரதியிடம் கேட்டேன். அவர் சிரித்தபடி விரலை வானத்தை நோக்கி நீட்டினார்.

அந்த விரல் பொய் சொல்லவில்லை. சந்துகள் படிக்கட்டுகளாகவே ஏறின. கோட்டை மதிலில் நின்றபோது ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீல மலைகள். இறங்கும்போது உச்சி வெயில். பிலோமினாவுக்குத் தலை சுற்றியது.

"இஞ்சாருங்கோ, எங்கையாவது இருந்து ஒரு கோப்பி குடிப்பம்."

அடுத்த சந்தில் ஒரு வீட்டின் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே பூந்தொட்டிகள் நிறைந்த முற்றம், வரிசையாக நாற்காலிகள், கையில் கோப்பையோடு ஆட்கள். இப்படி முற்றத்தில் கோப்பிக்கடை நடத்துவார்கள் என்று எங்கோ வாசித்திருந்தேன். அரைக்காற்சட்டையும் சிவப்புத் தொப்பியுமாக உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒரு பெண் ஒன்றும் கேட்காமல் இரண்டு கோப்பியும் சோம்பு மணக்கும் பிஸ்கற்றும் கொண்டுவந்து வைத்தாள். குடித்து முடித்ததும் ஆயிரம் பெசேத்தா நோட்டை அவளிடம் நீட்டினேன்.

முற்றத்தில் பேச்சு நின்றது. அவள் என் கையை மெதுவாகத் தள்ளிவிட்டு உள்ளறையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நான்கு மெழுகுதிரிகள். நடுவில் சவப்பெட்டி.

தொப்பியைக் கழற்றினேன். அரைக்காற்சட்டையை என்ன செய்வது? எழுந்து ஓடலாம் என்று நினைத்த நேரம் கறுப்பு உடுத்த முதிய பெண் ஒருத்தி வெளியே வந்து எங்கள் முகங்களை உற்றுப் பார்த்தாள்.

"கொழும்பு?" என்றாள்.

ஊரைக் கேட்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இழுத்துக்கொண்டுபோய்ச் சவப்பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் இருத்தினாள்.

அங்கே ஆங்கிலம் தெரிந்தவள் அந்த முதியவளின் மகள் இனெஸ். கடற்கரை ஹோட்டலில் வேலை செய்பவள். "அப்பா சரக்குக் கப்பலில் இருந்தவர்," என்றாள். "கொழும்பில் தனக்கு நண்பர்கள் இருப்பதாக எப்போதும் சொல்வார். நீங்கள் அவர்கள்தான் என்று அம்மா நினைக்கிறாள்."

உண்மையைச் சொன்னேன். கோட்டை பார்க்க வந்தவர்கள் என்றும், கோப்பிக்கடை என்று நினைத்து நுழைந்தோம் என்றும். இனெஸின் பார்வை என் முழங்கால்களுக்கு இறங்கி மேலே வந்தது. கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"கப்பலில் இருந்து ஒருவரும் வரவில்லை," என்றாள். "கொஞ்ச நேரம் இருங்கள்."

இருந்தோம். பிலோமினா முழந்தாளிட்டுத் தமிழில் 'அருள் நிறைந்த மரியாயே' சொல்லத் தொடங்கினாள். ஊர்ப் பெண்கள் ஸ்பானிய மொழியில் பின்பாதியைச் சொன்னார்கள். அவளுக்கு அங்கே இருக்க ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. எனக்கு இல்லை.

அப்போது கிழவி என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். அவரைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்கிறாள் என்று இனெஸ் சொன்னாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. தமிழிலேயே சொன்னேன்: "அம்மா, எனக்கு இவரைத் தெரியாது. கோப்பி குடிக்க வந்தனாங்கள். காசு நீட்டிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நான் சொன்னதைவிட மிக நீளமாக இனெஸ் மொழிபெயர்த்தாள். கிழவி கண்ணீரோடு சிரித்தாள். சவப்பெட்டியைத் தட்டி இறந்தவரிடமும் அதையே ஒருமுறை சொன்னாள். இனெஸ் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை?

புறப்படும்போது கிழவி ஒரு பொட்டலம் பிஸ்கற்றைப் பிலோமினாவின் கையில் வைத்தாள். கொழும்பு தூரமாம்.

மாலை பஸ்ஸில் பொட்டலம் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. பாதி வழிவரை நாங்கள் அதைத் தொடவில்லை.

"எறியவும் ஏலாது," என்றாள் பிலோமினா. பிரித்து எனக்கு ஒன்று தந்தாள். நல்ல ருசி. அந்த ருசி கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒக்லாந்தில், நாங்கள் இருக்கும் ஒனிஹங்காவில், எங்கள் தெருவில் ஒருவர் இறந்தால் வாசலில் நிற்கும் கார்களை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். ஒரு பூங்கொத்தை வாங்கி, கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு, படியிலேயே நின்று திரும்பிவிடுவோம். அதை மரியாதை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.