குழாயில் மூன்றடி ஏறிய தண்ணீர்

1. ஏறக்கூடாத மட்டம்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. சும்மா இல்லை, அழுத்தத்தோடு இருக்கிறது. இறைக்காமல் விட்டால் சுரங்கத்தின் தரையையே பிய்த்துக்கொண்டு மேலே வரும். அதனால் அறுபதுகளில் சுரங்கத்தைச் சுற்றி ராப்பகலாகப் பம்ப் ஓடியது. மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை. சுற்றுக் கிராமங்களில் பன்னிரண்டு அப்சர்வேஷன் குழாய்கள், எனக்கு ஒரு சைக்கிள், ஒரு ஸ்டீல் டேப், ஒரு ரிஜிஸ்டர். டேப்பில் சாக்பீஸ் தேய்த்து உள்ளே விட்டால் நனைந்த இடம் மட்டத்தைக் காட்டிவிடும். இவ்வளவுதான் உத்தியோகம். நானோ பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பில் மிதந்துகொண்டிருந்தேன்.

குள்ளஞ்சாவடி பக்கத்து ஊர் ஒன்றில் ஒன்பதாம் நம்பர் குழாய். அதன் மூடிப் பூட்டு துருப்பிடித்து உடைந்திருந்தது. ரிப்போர்ட் எழுதச் சோம்பல்பட்டு, மூடியைக் கையால் திருகிவிட்டு வந்துகொண்டிருந்தேன். அடுத்த மாதம் பர்மனென்ட் ஆகவேண்டியவன் செய்கிற காரியமா இது?

ஒரு சித்திரை மாதக் காலையில் அங்கே டேப்பை விட்டால், முந்தின நாளைவிட மூன்றடி ஏற்றம். சைக்கிளில் தாவி ஏறினேன். மிதித்த மிதியில் ஆபீஸ் வாசலில்தான் மூச்சு வந்தது. செக்‌ஷன் இன்ஜினியர் ரிஜிஸ்டரைப் பார்த்தார், உடனே போனை எடுத்தார். சுரங்கத்துக்குள் இருந்தவர்கள் மேலே வந்தார்கள். ஸ்டாண்ட்பை பம்ப் எல்லாம் ஓடத் தொடங்கின. என்னை ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு அவரே கிளம்பிவிட்டார்.

2. அஞ்சலை சொன்ன காரணம்

இன்ஜினியர் முன்னால் டேப்பை விட்டேன். மட்டம் இரண்டடி இறங்கியிருந்தது. பத்து நிமிஷத்தில் இன்னும் அரையடி. அவர் குழாயைச் சுற்றி ஈரமாகக் கிடந்த மண்ணைப் பார்த்தார், உடைந்த பூட்டைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

எதிரே நாலைந்து பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். முந்திரித் தோப்புக்குக் கூலிக்குப் போகிறவர்கள். அவர்களில் அஞ்சலை என்பவள் காலிக் குடத்தோடு முன்னால் வந்து, என் சைக்கிள் தலை தெரிந்ததும் தாங்கள்தான் குழாயில் தண்ணீர் ஊற்றியதாக ஒப்புக்கொண்டாள். ஒரு மைல் நடந்து கொண்டுவந்த குடிதண்ணீராம்.

இன்ஜினியர் முகம் சிவந்துவிட்டது. "சுரங்கத்தையே நிறுத்திட்டு வந்திருக்கேன். எதுக்கும்மா இப்படிப் பண்ணே?"

"நீங்க எறைக்கறதுல எங்க கெணறு வத்திப்போச்சிங்க. மூணு மனு குடுத்தோம், ஒருத்தரும் வரல. இந்தத் தம்பி எழுதிக்கினு போற நோட்டத்தான் தெனம் படிக்கிறீங்கன்னு தெரிஞ்சிது. அதான் அதுல எழுத வெச்சோம்."

அவர் ஏதோ திட்ட வாயைத் திறந்தார். திட்டு வரவில்லை, சிரிப்புதான் வந்தது. ஜீப்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். "நீ சிரிக்காதே" என்றார்.

குழாயிலிருந்து இருபது தப்படியில் கிணறு. எட்டிப் பார்த்தால் அடியில் சேறு. எத்தனை நாளாக இப்படி என்று என்னைக் கேட்டார். ஒரு வருஷமாகத் தினமும் வந்தவன் நான், அந்தக் கிணற்றை ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றே ரிஜிஸ்டரில் ஊர்க் கிணறு என்று புதிதாக ஒரு கட்டம் போட வைத்தார். பூட்டு விஷயத்துக்காக என் பர்மனென்ட் ஆர்டர் ஆறு மாதம் தள்ளிப்போனது. நியாயம்தான்.

3. ரிப்பேருக்கு நாள் குறித்தவள்

பம்ப் தண்ணீர் வீணே ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலிலிருந்து ஒரு கிளை வெட்டி அந்த ஊர்க் குட்டையில் விட்டார்கள். குட்டை நிரம்பியதும் கிணறும் ஊறியது. அன்றைக்கு அந்தப் பெண்கள் போட்ட குலவையில் எனக்கே தலைகால் புரியவில்லை. அடுத்த வருஷம் வரகு விளைந்த மேட்டில் நெல் நட்டார்கள். அஞ்சலை கூட்டத்துக்கு நடவு வேலை கிடைத்தது.

பிறகு ஒரு நாள் ரிப்பேருக்காக அந்த வாய்க்காலுக்கு இறைக்கிற பம்பை மட்டும் நிறுத்தினோம். மறுநாள் காலை அஞ்சலை ஆபீஸ் கேட்டில் நிற்கிறாள்.

"நாத்து காயுதுங்க. எறைக்கறத நிறுத்தச் சொன்னது யாரு?"

நாங்கள் இறைத்ததால் வற்றிய ஊர், நாங்கள் இறைத்தால்தான் விளையும் ஊராகிவிட்டது. இதை எந்தக் குழாயும் எனக்குக் காட்டவில்லை. தண்ணீரை அளக்கப் போகிற பிள்ளைகளே, குடத்தோடு நிற்பவர்களிடம் முதலில் பேசுங்கள். அஞ்சலை வந்து கேட்ட நாளுக்குப் பிறகு நாங்கள் ஊருக்குள் போய்ச் சொல்லாமல் ஸ்விட்சில் கை வைத்ததில்லை. நடவு முடியட்டும் என்று அஞ்சலை சொன்னால், ரிப்பேர் தள்ளிப்போகும்.