அத்தானை நிப்பாட்டுவது எப்படி

மீள்குடியேற்றப் பதிவில் அன்ரோனெற் 'பிறரில் தங்கி வாழும் நலிவுற்ற பெண். தீர்மானம் எடுக்க உதவி தேவைப்படுபவர்' என்று இருக்கிறாள். அதை எழுத உத்தியோகத்தர் வந்த அன்று, விடத்தல்தீவுக் கரையில் தன் நண்டு வாடிக் கொட்டகைக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்த இரண்டு ஆண்களைக் கீழே நின்று ஏசிக்கொண்டிருந்தாள். உத்தியோகத்தருக்குக் கதிரையும் தேநீரும் கொடுத்து, "நலிவுற்ற எண்டால் என்ன சேர்?" என்று கேட்டாள். அவர் விளக்கினார். அப்படியானவர்களுக்குத் தகரம் கிடைக்கும் என்றால், நலிந்துகொள்வதில் அவளுக்கு ஆட்சேபணை இருக்கவில்லை.

தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, கலியாணம் முடித்து, புருஷனையும் அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, சண்டை முடிந்தபின் ஊர் திரும்பியவள். நண்டை அவித்துச் சதை பிரித்துக் கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு அனுப்புவது தொழில். சதை பிரிக்கும் பெண்களுக்குத் தலைவி, புத்தளத்திலிருந்து திரும்பிவந்த ஹிதாயா. கரையில் நின்று நண்டு தெரிந்தெடுத்து வாங்குபவர் லோறன்ஸ், அன்ரோனெற்றின் அக்காள் றஞ்சிதத்தின் புருஷன்.

லோறன்ஸ் வன்னி முழுக்க இடம்பெயர்ந்தவர். கடல் கடந்து மட்டும் போகாதவர். நல்ல மனிதர். வாடியைக் கெடுத்ததும் அந்த நல்ல குணம்தான். புதிதாக ஓடு கழற்றிய நண்டுக்குள் சதை இராது, தண்ணீர்தான் இருக்கும். தண்ணி நண்டு என்பார்கள்; வாங்கக் கூடாது. லோறன்ஸோ, அவனும் கடலில் கிடந்து வந்தவன்தானே என்று எல்லாரிடமும் வாங்கினார். அன்ரோனெற் இரண்டு தரம் சொன்னாள். இரண்டு தரமும் "ஓம் மச்சாள், இனி இல்லை" என்றார். இன்னொரு தரம் சதை இப்படிக் குறைந்து வந்தால் லொறி அனுப்பமாட்டோம் என்றது கொம்பனி. லொறி வராவிட்டால் வாடியைப் பூட்ட வேண்டியதுதான்.

"உங்கட அத்தான் கரையில நண்டு வாங்கல்ல அக்கா, புண்ணியம் வாங்குறார்" என்றாள் ஹிதாயா. "அதைப் பிரிச்சா சதை வராது."

அந்த நேரம் பார்த்து மன்னார் நகரில் தொழில் நடத்துபவர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பணியாளரை விலக்கும்போது கடுஞ்சொல் கூடாது, முதலில் பாராட்ட வேண்டும், விசயத்தை மெல்லச் சொல்ல வேண்டும் என்று படிப்பித்தார்கள். அன்ரோனெற் நல்ல மாணவி. அன்று பின்னேரமே அத்தானைக் கூப்பிட்டாள். மரியாதையாகப் பேச வேண்டி வந்தால் அவள் வாயில் முகாமில் பழகிய தமிழ்தான் வரும்.

"அத்தான், நீங்க செஞ்சதெல்லாம் மறக்க மாட்டேன். நாளையிலேர்ந்து நின்னுக்கிடுங்க."

லோறன்ஸின் கண் கலங்கிவிட்டது. "ஓம் மச்சாள், நான் நிக்கிறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதைங்கோ."

எவ்வளவு நாகரிகமாக ஏற்றுக்கொண்டார் என்று அவள் வியந்தாள். விடிய வந்து பார்த்தால், லோறன்ஸ் வழமைபோல நண்டு வாங்கி வைத்துவிட்டு, பாய், தலையணை, ரோச் லைற் சகிதம் வாடி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"நிக்கச் சொன்னீங்கள்தானே? இனி இரவும் இஞ்சதான். றஞ்சிதம் நுளம்பு வலையும் தந்துவிட்டவ."

அக்கரையில், தமிழ்நாட்டில், நின்றுகொள்ளச் சொன்னால் வேலையை விட்டுவிடு என்று அர்த்தம். இக்கரையில் நிற்கச் சொன்னால் போகாதே என்று அர்த்தம். ஹிதாயா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த நண்டு விழுந்தது.

"நிப்பாட்டப் போய் மீள்குடியேத்திட்டீங்களே அக்கா! இனி அவருக்கும் தகரம் குடுக்கணும்."

காவலுக்கே வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்திலேயே போனது. வாடியில் படுப்பவர் விடியக் கரைக்குப் போகாமல் இருப்பாரா? அன்ரோனெற் வாங்கி வைத்த நண்டைக் கிளறிப் பார்த்தாள். பிறகு பெண்களை உள்ளே அனுப்பிவிட்டு, அத்தானைக் கதிரையில் இருத்தி, எதிரே தானும் இருந்தாள். இந்த முறை ஊர்த் தமிழ் பிசகாமல் வந்தது.

"அத்தான், நேற்று நான் சொன்ன விதம் பிழை. உங்களை வேலையால நிப்பாட்டுறன்."

"ஆரை, என்னையோ?"

"ஓம். ரெண்டு தரம் சொன்னனான். இண்டைக்கும் தண்ணி நண்டு கிடக்கு. லொறி வராட்டி உள்ளுக்கு இருக்கிற பொம்பிளையள் எல்லாரும் வீட்டுக்குத்தான் போகவேணும்."

"அது பேதுரு கொண்டந்தது, மச்சாள். அவன்ர முகத்தைப் பாத்திட்டு எப்பிடி வேண்டாமெண்டுறது?"

"நண்டைப் பாக்கத்தான் உங்களை விட்டனான், அத்தான். முகத்தைப் பாக்க இல்லை."

"றஞ்சிதத்துக்கு என்னெண்டு சொல்லுறது?"

"நான் வந்து சொல்லுறன். உங்களுக்குச் சேரவேண்டியதையும் கொண்டுவாறன்."

"அப்ப கரையில ஆர் நிக்கிறது?"

"நான்."

"உங்களுக்கு ஏலாது. கெஞ்சுவாங்கள்."

"கெஞ்சட்டும்."

அன்ரோனெற் தன் அக்காள் புருஷனைக் காரணம் சொல்லி வேலையிலிருந்து நீக்கினாள். பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போய் அதைத் தன் வாயாலேயே சொன்னாள். மறுநாள் விடியக் கரையில் நின்று நண்டு தெரிந்தெடுத்தாள். பேதுருவின் தண்ணி நண்டுகளை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். மிச்சத்தை அவித்து, பிரித்து, லொறியில் ஏற்றி அனுப்பினாள்.