எங்க ஊட்டு மருமக வேலைக்குப் போறதில்லைங்க

என் மருமகளின் படிப்புக்குக் குறுக்கே விழுந்தவன் நான்தான். வேறு யாருமில்லை. விழுந்ததோடு நிற்காமல், அவள் முகத்தைப் பார்த்துப் பொய்யும் சொன்னேன்.

அவள் ஜெயித்துவிட்டாள்... அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பயந்துகொண்டே படிக்க வேண்டாம். கோகிலா பி.காம். முடித்துவிட்டாள்! கறுப்பு அங்கி போட்டு, தொப்பி வைத்து, பட்டம் வாங்கிய போட்டோ எங்கள் கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறது. தினமும் விளக்கேற்றும்போது இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன். முருகனுக்கு என்னைத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

அவளிடம் சொல்ல வாய் வராததை உங்களிடம் சொல்கிறேன். கேளுங்கள்.

நான் எட்டாவது வரைதான் படித்தவன். சரவணம்பட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. கிருத்திகை விரதம் விட்டதில்லை. நெற்றியில் திருநீறு இல்லாமல் பட்டறைப் பூட்டைத் தொட்டதில்லை. பொய் பேசாத மனுஷன் என்று ஒறம்பரையில், சொந்தபந்தத்தில் எனக்கொரு பேர் உண்டு... பேர்!

கோகிலா சத்தியமங்கலத்துப் பெண். அங்கே ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டு வருடம் முடித்திருந்தாள். அவள் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகவே, கண்ணை மூடுவதற்குள் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டுமென்று அவசரப்பட்டார். கடைசி வருடம் அப்படியே நின்றுபோனது. "இங்க வந்து படிச்சுக்கட்டுமுங்க" என்று நாங்கள் வாக்குக் கொடுத்துத்தான் என் மகனுக்குக் கட்டிக்கொண்டு வந்தோம். வந்தாள்... குழந்தை பிறந்தது... பட்டறைக் கணக்கு அவள் கைக்குப் போனது. படிப்பைப் பற்றி நாங்களும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

மகன் மெஷினைப் பார்ப்பான். மற்றதெல்லாம் அவள்தான். பில் போடுவது, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வது, பேங்குக்காரருக்குப் பதில் சொல்வது எல்லாம். ஆடிட்டர் என்னிடம் பேசுவதையே விட்டுவிட்டார். ஃபோனை எடுத்தால், "கோகிலாம்மா இருக்குதுங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே ஒருநாள் சொன்னாள். "மாமா, படிப்பை விட்ட எடத்துல இருந்து பிடிச்சுக்கலாமாமுங்க."

கோவையில் ஒரு பல்கலைக்கழகம். பழைய கல்லூரியில் பாஸ் செய்த பாடங்களைத் தங்கள் பாடங்களோடு வைத்துப் பார்த்து, பொருந்தினால் கிரெடிட் கொடுப்பார்களாம். அதாவது அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டியதில்லை. பொருந்தாமல் போனாலும், அந்த விஷயத்தை வேலையில் கற்றுக்கொண்டவர்கள் என்றால், அதை விசாரித்துவிட்டு அதற்கும் கிரெடிட் உண்டாம். எல்லாம் கூடி வந்தால் நேரே கடைசி வருடம். இல்லையென்றால் முதலிலிருந்து.

"பிள்ளையையும் வெச்சுக்கிட்டு மூணு வருசம் என்னால முடியாதுங்க மாமா. ஒரு வருசம்னா எப்படியும் படிச்சுப்போடுவேனுங்க."

எனக்குச் சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம்தான்!

பழைய பாடங்கள் பெரும்பாலும் பொருந்திவிட்டன. வரிப் பாடங்கள்தான் இடித்தன. அவள் படித்த காலத்தில் இருந்தது விற்பனை வரி, இப்போது ஜி.எஸ்.டி. அதனால் பழையது செல்லாது என்றார்கள். கோகிலாவுக்குச் சிரிப்பு. "அதைத்தானுங்களே மாசாமாசம் செஞ்சுக்கிட்டிருக்கேன்!" வேலை அனுபவம் என்று சொல்லி, எங்கள் பட்டறை ஃபோன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த ஃபோன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

மதியம், மெஷின்கள் நின்றிருந்த நேரம். ஒரு அம்மா மரியாதையாகப் பேசினார்கள். "கோகிலான்னு ஒருத்தங்க உங்ககிட்ட வேலை பாக்குறாங்களா சார்?"

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து என்ன கேள்வி இது!

"அது எங்க ஊட்டு மருமகளுங்க. வேலைக்கெல்லாம் போறதில்லைங்க. முருகன் புண்ணியத்துல எங்களுக்கு அந்த நெலம இல்லீங்க."

"அதில்லைங்க சார்... கணக்கு, டேக்ஸ் வேலை ஏதாவது பாக்குறாங்களா?"

"சும்மா ஒத்தாசை பண்ணுமுங்க. அவ்வளவுதானுங்க."

"சரிங்க சார்."

ஃபோனை வைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கேட்டீர்களா... பெருமை! சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மனைவியும் மெச்சிக்கொண்டாள். "நல்லா கேட்டாங்க போங்க! மருமகள வேலைக்கு வெச்சுத்தான் சோறு போடறோம்னு நெனைச்சுப்போட்டாங்களாட்ட இருக்குது."

உங்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். எங்கள் சனத்தில் ஒரு வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்றால், அந்த வீடு நொடித்துப்போய்விட்டது என்று பொருள். சொந்தத் தோட்டத்தில் விடிந்ததிலிருந்து களை வெட்டினாலும் அதற்கு வேலை என்று பேர் கிடையாது. "தோட்டத்துக்குப் போயிருக்குது" என்போம். சொந்தப் பட்டறையில் கண் வலிக்கக் கணக்குப் பார்த்தாலும் அப்படித்தான். அது ஒத்தாசை. அந்தப் பழக்கத்தில் வந்த வாய் பேசிவிட்டது.

அதுவரைக்கும் அது பிசகு. பாவம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

சில நாள் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. வேலை அனுபவம் உறுதிப்படவில்லை. வரிப் பாடங்களுக்குக் கிரெடிட் இல்லை. கடைசி வருடத்தில் சேர முடியாது. கோகிலா நேரே என்னிடம் வந்தாள். நான் அப்போதுதான் பூஜை முடித்து எழுந்திருந்தேன்.

"மாமா, காலேஜ்ல இருந்து பட்டறைக்கு யாராச்சும் ஃபோன் பண்ணுனாங்களுங்களா?"

"இல்லியே கண்ணு."

கற்பூர வாசம் அடங்கவில்லை. திருநீறு காயவில்லை. சொல்லிவிட்டேன்!

"பரவால்லீங்க மாமா. நாந்தான் ஏதோ சரியா எழுதாம உட்டுட்டனாட்ட இருக்குது."

தப்பைத் தன்மேலேயே போட்டுக்கொண்டு போனாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "தெரியாம சொல்லிப்போட்டேனுங்க" என்று ஒரு வார்த்தை... அவ்வளவுதான். ஏன் கூப்பிடவில்லை? வெட்கமா? வெட்கம் மட்டுமா? வேலை என்று ஒப்புக்கொண்டால் சம்பளம் எங்கே என்ற கேள்வி வரும். நான் அவளுக்கு ஒரு நாளும் கொடுத்ததில்லை. இன்னும் உள்ளே தோண்டினால்... அவள் படித்துவிட்டால் வேறு எங்காவது போய்விடுவாளோ, பட்டறைக் கணக்கை யார் பார்ப்பது என்ற பயம். ஆமாம்! அதுவும் இருந்தது. மனைவிகூட ஒருநாள் மெதுவாக, "ஏனுங்க, சொல்லிப்போடுங்களேன்" என்றாள். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

கோகிலா விட்டுவிட்டாளா? விடவில்லை! தானே போய் விசாரித்தாள். யாரிடம் என்ன கேட்டோம் என்பதை வெளியே சொல்ல மாட்டோம் என்றார்களாம். வேலையை உறுதிசெய்ய ஆளில்லாதவர்கள் ஒரு பரீட்சை எழுதி, நேரில் கேள்விக்குப் பதில் சொன்னால் கிரெடிட் தருவார்களாம். தேறாவிட்டால் அந்த வருடம் வேறு வழி கிடையாது. "எழுதறேனுங்க" என்று ஒத்துக்கொண்டு வந்துவிட்டாள். லேத் சத்தத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்து படித்தாள்.

பட்டறைக்கு இரும்பு கொண்டுவந்து போடுகிற என் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, மருமகள ஆபீசராக்கி நம்ம மேலயே ரெய்டு உடப் போறீங்களா?" என்று கேலி பேசினான்.

"சின்ன மாமா பில்லுல இருந்துதானுங்க ஆரம்பம். ஒண்ணுகூட தேறாதுங்க!" என்றாள் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல். தம்பி சிரித்துச் சிரித்து இருமிப்போட்டான்.

பரீட்சையன்றைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா வெளியே வந்து, "கோகிலாவோட மாமாங்களா? தண்ணி வேணுங்களா?" என்றார்கள். அதே குரல்! வாயைத் திறந்தால் என் குரலையும் கண்டுபிடித்துவிடுவார்களே... கையைக் கூப்பி, தலையை மட்டும் ஆட்டினேன். "பாவம், பெரியவருக்கு ஒரே படபடப்பு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்கள்.

உள்ளே நடந்ததைக் கோகிலா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு கம்பெனியின் மாதப் பில்களைக் கொடுத்து வரி போடச் சொன்னார்களாம். கார் வாங்கின பில்லுக்கு வரி கழிக்க முடியாது. இவள் அவசரத்தில் கழித்துவிட்டாளாம். கொடுக்கும்போது தானே கண்டுபிடித்து, "ஒரு நிமிசமுங்க" என்று திரும்ப வாங்கித் திருத்தினாளாம். "இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"எங்க மாமா பட்டறையிலன்னு சொன்னேனுங்க. நான் தப்புப் பண்ணுனாலும் மாமா ஒரு நாளும் வைய மாட்டாருங்கன்னு சொன்னேன்."

வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணில் தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

கிரெடிட் வந்தது! ஒன்று விடாமல் வந்தது! நேரே கடைசி வருடம்! பட்டறையில் நான் போட்ட கூச்சலில் மெஷினையெல்லாம் நிறுத்திவிட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். எல்லோருக்கும் மைசூர்பாகு. பேத்தியைத் தோளில் தூக்கிவைத்து ஆடினேன். சொன்னபடி ஒரே வருடத்தில், முதல் வகுப்பில் முடித்தாள். பட்டமளிப்பில் அவள் பேரைக் கூப்பிட்டபோது நான் எழுந்து நின்று கை தட்டினேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! என் மருமகள்!

இப்போது பட்டறையில் அவளுக்குச் சம்பளம் உண்டு. யார் கேட்டாலும், "எங்க மருமக இங்கதானுங்க வேலை பாக்குது" என்று நானே சொல்கிறேன். மருமகளைப் படிக்க வைத்த மகராசன் என்று கோயில் விசேஷத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். போட்டுக்கொண்டேன். நீங்களாக இருந்தால் கழற்றியிருப்பீர்களா? நான் கழற்றவில்லை.

போன மாதம் பெருந்துறையிலிருந்து என் அக்கா வீட்டுக்காரர் வந்தார். அவர் மருமகளும் பாதியில் நின்ற படிப்பைத் தொடரப் போகிறாள். அவர்கள் தையல் யூனிட்டின் கணக்கெல்லாம் அவள்தான் பார்க்கிறாள். யோசனை கேட்டார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"மச்சான், ஃபோன் பண்ணுவாங்க. வேலை பாக்குறாங்களான்னு கேப்பாங்க. எங்க ஊட்டுப் பிள்ளை, சும்மா ஒத்தாசை பண்ணுதுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. அத்தோட முடிஞ்சுபோகும். வேலை பாக்குதுன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லுங்க!"

காபி கொண்டுவந்த கோகிலா அப்படியே நின்றாள். "அப்படித்தான் கேப்பாங்கன்னு உங்களுக்கு எப்படிங்க மாமா தெரியும்?"

"யாரோ... சொன்னாங்க கண்ணு."

"அப்படிங்களா மாமா" என்றாள். காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெருந்துறைப் பிள்ளைக்கும் கிரெடிட் கிடைத்துவிட்டது. நேற்று மச்சான் ஃபோனிலேயே அழுதார், அத்தனை சந்தோஷம்!

ஆனால் காபி கொண்டுவந்த அந்த நாளிலிருந்து, பட்டறையில் ஃபோன் அடித்தால் கோகிலா என்னை எடுக்க விடுவதில்லை. எங்கிருந்தாலும் ஓடி வருகிறாள். "நீங்க உக்காருங்க மாமா, நான் பேசிக்கறேனுங்க" என்று சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறாள்.

பாசமாகத்தான் வாங்குகிறாளா...? கேட்க எனக்குத் தைரியமில்லை. கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.